பழைய வார்ப்பிரும்பு விறகு அடுப்புகள்: சேகரிப்பவர்களும் சீரமைப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பழைய வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்றை வாங்கியவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், இடிக்கப்படும் பங்களாவிலிருந்து ஒன்றை மீட்டுக்கொண்டு வந்தவர்களும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எளியவற்றை முதலிலும் சிக்கலானவற்றைப் பின்னரும் வைத்திருக்கிறேன். துருவை நீக்கிவிடலாம், ஆனால் உடைந்த வார்ப்பை முழுமையாக மீட்க முடியாது என்பதே இங்குள்ள பதில்கள் பலவற்றுக்கும் அடிப்படை.

வார்ப்பிரும்பு அடுப்பு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? தகட்டில் செய்த அடுப்பும் கறுப்பாகத்தானே இருக்கிறது?

உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி எடுப்பது வார்ப்பிரும்பு. அதில் 2 முதல் 4 விழுக்காடு வரை கரிமம் கலந்திருப்பதால், எஃகைவிடக் குறைந்த வெப்பத்தில், ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸில், அது நன்றாக உருகி அச்சின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் ஓடிவிடும். பழைய அடுப்புக் கதவுகளில் பூக்கொடிகளும் எழுத்துகளும் அவ்வளவு கூர்மையாகப் புடைத்து நிற்பதற்கு அதுவே காரணம். அதே கரிமம் இரும்புக்குள் மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் பரவியிருப்பதால் வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது. அடிபட்டால் நேராக உடையும்.

தகட்டு அடுப்பில் மடிப்பும் ரிவெட்டும் வெல்டிங் தழும்பும் தெரியும். வார்ப்பு அடுப்பு தடித்த பலகைகளாக வார்க்கப்பட்டு, போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கும். உடைந்த விளிம்பு சாம்பல் நிறத்தில் மணல் மணலாக இருக்கும். காந்தம் இரண்டிலும் ஒட்டும் என்பதால் அந்தச் சோதனையால் பயனில்லை. உடலைத் தகட்டிலும் மேற்பலகை, கதவு, கால்கள் ஆகியவற்றை வார்ப்பிலும் செய்த கலப்பு அடுப்புகளும் ஏராளமாக உண்டு. அவற்றைத் தரக்குறைவானவை என்று ஒதுக்க வேண்டியதில்லை.

இந்த வெயிலில் பினாங்கில் யாருக்கு விறகு அடுப்பு வேண்டும்?

அறையைச் சூடாக்கும் கணப்பு அடுப்பு நமக்குத் தேவைப்படுவதில்லை; கெமரன் மலையிலோ ஃபிரேசர் மலையிலோ வீடு வைத்திருப்பவர்களுக்கு வேண்டுமானால் பயன்படும். சமையல் அடுப்பு வேறு. புறக்கடைக் கொட்டகையில் அதை மூட்டி, மேற்பலகையில் தோசை வார்த்து, அடுப்பின் பக்கவாட்டிலுள்ள சூட்டறையில் ரொட்டி சுடும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. மூட்டாமல், அழகிய வார்ப்பு வேலைக்காக மட்டும் வைத்திருப்பவர்களும் உண்டு. அதுவும் போதுமான காரணம்தான்.

எங்கே தேடினால் கிடைக்கும்?

ஜார்ஜ் டவுனில் நகர விளையாட்டரங்குக்குப் பக்கத்திலுள்ள லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையிலும், பெட்டாலிங் ஜெயாவில் எம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தையிலும் முழு அடுப்பு அரிதாகவே வரும். கதவு, கிராதி (விறகு எரியும் கம்பித்தட்டு), கால், மேற்பலகை வளையம் போன்ற உதிரிகள் அவ்வப்போது கண்ணில் படும். முழு அடுப்புக்குப் பழைய இரும்புக் கடைகளையும், கட்டடம் இடிக்கும் ஒப்பந்தக்காரர்களையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அங்கே அடுப்பு எடைக்குப் போய்விடும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

தோட்டப்புறங்களில் தேடுகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் எரிந்தது பெரும்பாலும் மண்ணடுப்பு அல்லது செங்கல் அடுப்பு. வார்ப்பிரும்பு அடுப்பைத் துரை பங்களாவின் சமையலறையில்தான் எதிர்பார்க்கலாம். ஆனால் அதை விடியலில் மூட்டி, சாம்பல் அள்ளிப் பராமரித்தவர்கள் பல இடங்களில் நம் மக்களும் ஹைனானியச் சமையல்காரர்களும்தாம். ஆகவே தோட்டத்து முதியவர்களிடம் விசாரித்தால், எந்த பங்களாவில் எப்படிப்பட்ட அடுப்பு இருந்தது என்று விற்பனையாளர்களைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

எந்தெந்தக் கம்பெனிப் பெயர்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

பிரிட்டனில் 1709-இல் ஏப்ரகாம் டார்பி, நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக் எரிபொருளால் இரும்பை உருக்கிய கோல்புரூக்டேல், 1759-இல் ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் அருகே தொடங்கி 1982 வரை இயங்கிய கேரன் ஆகிய இரண்டும் முக்கியமானவை. ஐரோப்பாவில் பிரான்சின் கோடான் (1840), நார்வேயின் யோட்டுல் (1853), டென்மார்க்கின் மோர்சோ (1853) ஆகியவை இன்றும் அடுப்பு செய்கின்றன. எனாமல் பூசிய அடுப்புகளுக்குக் கோடான் பெயர் பெற்றது. நியூசிலாந்தின் டனிடினில் ஷாக்லாக் 1873-இல் செய்யத் தொடங்கிய ஓரியன் அடுப்பும், ஆஸ்திரேலியாவின் மெட்டர்ஸ் அடுப்புகளும், அங்கே படித்துத் திரும்பியவர்களின் சாமான்களோடு இங்கு வந்து சேர்வதுண்டு.

ஆகா என்ற கனத்த அடுப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். இயற்பியலுக்கான 1912 நோபல் பரிசு பெற்ற ஸ்வீடன் நாட்டவரான குஸ்டாவ் டாலேன் 1922-இல் அதை வடிவமைத்தார். இரவு பகலாக அணையாமல் கனன்றுகொண்டிருக்கும்படி அது அமைக்கப்பட்டது என்பதால், நம் ஊரில் அதைக் காட்சிப் பொருளாக வைத்திருப்பதே உகந்தது.

என்னிடம் உள்ள அடுப்பு எத்தனை வருஷப் பழசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கதவின் உட்புறத்தையும் சாம்பல் அறையின் அடியையும் மென்தூரிகையால் துடைத்து எழுத்துகளைத் தேடுங்கள். பிரிட்டிஷ் அடுப்பில் சாய்சதுர வடிவ முத்திரை இருந்தால், அதன் வடிவமைப்பு 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவானது. உச்சியிலுள்ள சிறு வட்டத்தில் ரோமன் எண் 1 இருந்தால் அது உலோகப் பொருள். ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1842 முதல் 1867 வரை மேல் மூலையிலும், 1868 முதல் 1883 வரை வலது மூலையிலும் இருக்கும். 1884-இலிருந்து முத்திரைக்குப் பதிலாக ஒன்று முதல் தொடங்கும் பதிவெண் வந்தது. 1900-இன் தொடக்கத்தில் அந்த எண் மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது.

அமெரிக்க அடுப்புகளில் காப்புரிமைத் தேதிகள் வரிசையாக வார்க்கப்பட்டிருக்கும். அவற்றுள் கடைசித் தேதிக்கு முன் அந்த அடுப்பு வார்க்கப்பட்டிருக்க முடியாது. இந்த அடையாளங்கள் எல்லாம் வடிவமைப்பு பதிவான காலத்தையே சொல்கின்றன என்பதை மறக்கக் கூடாது. நல்ல வார்ப்பு மாதிரியை ஆலைகள் பல பத்தாண்டுகள் பயன்படுத்தின. எனவே 1880-இல் பதிவான அடுப்பு 1910-இல் வார்க்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

பழசு என்று சொல்லிப் புதுசை விற்கிறார்களாமே, ஏமாறாமல் இருப்பது எப்படி?

போலிகளில் பெரும்பாலானவை, அசல் அடுப்பின் பாகத்தையே மாதிரியாக வைத்து மணலில் அச்செடுத்து வார்க்கப்பட்டவை. வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்கும். ஆகவே மறுவார்ப்பு அசலைவிடச் சற்றுச் சிறிதாகவும், பூவேலை மழுங்கியும், பரப்பு சொரசொரப்பாகவும் இருக்கும். அதே வகை அடுப்பின் சரியான அளவுகள் கையில் இருந்தால், அளவு நாடாவே போலியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

திருகாணிகளையும் பாருங்கள். நான்குமுனைத் தலையுள்ள திருகாணி 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1841-இல் ஜோசஃப் விட்வர்த் வகுத்த 55 டிகிரி மரைதான் (திருகுப் பள்ளம்) பழைய பிரிட்டிஷ் அடுப்புகளில் இருக்கும். மெட்ரிக் மரை 60 டிகிரி. ஓரிரு போல்ட் மட்டும் புதிதாக இருந்தால் யாரோ பழுதுபார்த்திருக்கிறார்கள் என்று பொருள். பிரிட்டிஷ் அடுப்பு என்று சொல்லப்படுவதில் எல்லாத் துளைகளுமே மெட்ரிக் மரையாக இருந்தால் விலகிவிடுங்கள்.

முழுக்கத் துருப்பிடித்துக் கிடக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா?

துரு மட்டும்தான் குறை என்றால் தயங்காமல் வாங்கலாம். நன்றாகத் துருவேறியதாகத் தோன்றும் அடுப்பிலும் பெரும்பாலும் மேல்தோல்தான் கெட்டிருக்கும். அடியில் வார்ப்பு உறுதியாக இருக்கும். பார்க்க வேண்டியவை விரிசலும் வளைவும் காணாமற்போன பாகங்களும். ஒவ்வொரு பலகையையும் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல பலகை நீண்டு ஒலிக்கும்; விரிசல் விட்டது செத்த ஒலி தரும். இருட்டில் அடுப்புக்குள் கைவிளக்கை வைத்தால் வெளிச்சக் கோடுகள் விரிசலைக் காட்டும். இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டுமானால், மண்ணெண்ணெய் தடவி நன்கு துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூளைத் தூவுங்கள். விரிசலுக்குள் நின்ற எண்ணெய் சிறிது நேரத்தில் தூளில் ஈரக் கோடாகத் தெரியும்.

மேற்பலகையின்மேல் நேர்விளிம்புள்ள அளவுகோலை வைத்து வளைவைப் பாருங்கள். பிறகு உள்ளே உள்ள கிராதி, சாம்பல் தட்டு, காற்றுக் கதவு, பானை வளையங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிராதி எரிந்து தேயும் பொருள். அது இல்லாவிட்டால் கவலையில்லை. முகப்புக் கதவு இல்லாவிட்டால் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள், அல்லது அடுப்பை விட்டுவிடுங்கள்.

லாரியில் ஏற்றி வரும்போது என்ன கவனிக்க வேண்டும்?

அடுப்புகள் உடைவது பெரும்பாலும் எரியும்போது அல்ல, ஏற்றி இறக்கும்போதுதான். கழற்ற முடிந்த கதவு, வளையம், தட்டு, கிராதி எல்லாவற்றையும் தனித்தனியே துணியில் சுற்றுங்கள். கழற்றுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, பாகங்களுக்கு எண்ணிட்ட அட்டை கட்டுங்கள். மேற்பலகையையோ கதவின் கைப்பிடியையோ பிடித்துத் தூக்கக் கூடாது. அடிப்பலகைக்குக் கீழே பட்டை கொடுத்துத் தூக்க வேண்டும். கால்கள் தனியாகச் செருகப்பட்டவை என்றால் அவற்றை எடுத்துவிட்டு, அடியில் மரக்கட்டை வைத்து, நிமிர்த்தியபடியே கட்டிக் கொண்டுவாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உடனே கம்பித் தூரிகையால் தேய்க்கத் தொடங்கலாமா?

வேண்டாம். பழைய அடுப்புகளில் கதவைச் சுற்றியுள்ள வெண்மையான கயிறும், இணைப்புகளில் பூசிய சாந்தும், பின்புறத்து அட்டையும் அஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்புண்டு. அதன் இழை காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போனால், பல ஆண்டுகள் கழித்தும் உயிருக்கு ஆபத்தான நோய் வரும். சோதிக்கும் வரை அஸ்பெஸ்டாஸ் என்றே கருதி அதைத் தொடாமல் மூடிவையுங்கள். ஆய்வுக்கூடத்தில் சோதித்து உறுதியானால், பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு அகற்றுங்கள். உலர்ந்த நிலையில் சுரண்டுவதும், வீட்டுத் தூசுறிஞ்சியால் இழுப்பதும், மிக மோசமான வழிகள்.

பின்னாளில் யாராவது பூசிய நிறப்பூச்சில் ஈயம் இருக்கலாம். அதையும் உலர உரசாமல், சூட்டுத் துப்பாக்கியால் எரிக்காமல், வேதிப்பசை பூசி ஈரமாகவே எடுப்பது நல்லது. குழந்தைகள் நடமாடும் இடத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

போல்ட்டெல்லாம் இறுகிப்போய்விட்டது. பலமாகத் திருகினால் வருமா?

பலமாகத் திருகினால் போல்ட்டுக்கு முன் வார்ப்பின் காது உடையும். ஊடுருவும் எண்ணெயைப் பல நாள்களுக்குத் திரும்பத் திரும்ப விடுங்கள். பிறகு எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, நட்டை மட்டும் சூடாக்கி, முதலில் இறுக்கும் பக்கமாக ஓர் இழை அளவு அசைத்து, அதன்பின் தளர்த்திப் பாருங்கள். அஸ்பெஸ்டாஸோ ஈயப் பூச்சோ துடைக்காத எண்ணெயோ இருக்கும் இடத்தில் தீயை நெருக்கக் கூடாது.

அப்படியும் வரவில்லையென்றால் போல்ட்டை அறுத்துவிடுங்கள். அறுத்த துண்டை நடுவில் துளையிட்டு எடுக்கலாம். போல்ட் எந்தக் காலத்திலும் புதிதாகக் கிடைக்கும். துளையின் மரை பழுதாகியிருந்தாலும் உடனே மெட்ரிக் அளவுக்குத் துளையைப் பெரிதாக்காதீர்கள்; முன்பு சொன்ன விட்வர்த் மரையைச் சுத்தம் செய்யும் கருவிகள் இன்றும் விற்பனைக்கு உண்டு.

துருவை எடுக்க எது சிறந்த வழி? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே.

பெரிய பலகைகளுக்குக் கம்பித் தூரிகையும் பொறுமையுமே போதும். பிசுக்கும் எண்ணெயும் கெட்டியாகப் படிந்திருந்தால் காஸ்டிக் சோடாக் கரைசல் அவற்றைக் கரைக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியத்தின்மேல் அது படவே கூடாது. சிறு பாகங்களைத் தண்ணீரும் வினிகரும் சம அளவு கலந்து ஊறவைக்கலாம். ஆனால் துரு கரைந்ததும் வினிகர் இரும்பையே அரிக்கத் தொடங்கும் என்பதால், அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். இரவு முழுதும் விடக் கூடாது.

பூவேலை மிகுந்த கதவுகளுக்கு நான் பரிந்துரைப்பது மின்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அடுப்புப் பாகத்திலும், நேர்முனையைச் சாதாரண இரும்புத் துண்டிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் அமிழ்த்த வேண்டும். நல்ல இரும்பு சற்றும் கரையாமல் துரு மட்டும் தளர்ந்து விழுவதே இதன் சிறப்பு. நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும். தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் வாயு எழும் என்பதால், திறந்தவெளியில், தீயின்றி, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் பாகத்தைத் தொட வேண்டும்.

மணல் வீசிச் சுத்தம் செய்யும் பட்டறைகள் பட்டர்வொர்த் பக்கம் உண்டு. எனாமலும் நிக்கல் பூச்சும் இல்லாத, வேலைப்பாடு குறைந்த பாகங்களுக்கு மட்டும் குறைந்த அழுத்தத்தில் கண்ணாடி மணிகளால் செய்யச் சொல்லுங்கள். கரடுமுரடான மணல், நூறாண்டு கடந்த வார்ப்பின் மென்மையான தோலை ஒரே நாளில் தின்றுவிடும். அதைத் திரும்பப் பெற வழியில்லை.

நேற்று பளபளப்பாக்கினேன், இன்று காலையில் மறுபடியும் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. ஏன்?

நம் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், தோலுரித்த இரும்பு சில மணி நேரத்திலேயே துருவேறும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் “ஓரிரு நாள் கழித்துப் பூசலாம்” என்று எழுதியிருப்பது இங்கே பொருந்தாது. கொதிநீரில் அலசுங்கள், சூடான இரும்பு தானே உலரும். வெயிலிலோ வெப்பக்காற்றிலோ முழுமையாக உலர்த்தி, கை தாங்கும் சூடு இருக்கும்போதே பூச்சை இடுங்கள். ஒரே நாளில் முடிக்கக்கூடிய அளவு பாகங்களை மட்டும் எடுத்துச் சுத்தம் செய்வதே நல்ல பழக்கம்.

கடலோரத்தில் கிடந்த அடுப்பாக இருந்தால் உப்பு துளைகளுக்குள் ஊறியிருக்கும். நல்ல தண்ணீரை மாற்றி மாற்றிப் பல நாள் ஊறவைத்து உப்பை வெளியேற்றாவிட்டால், எவ்வளவு உயர்ந்த பூச்சும் அடியிலிருந்து கொப்புளித்துக் கிளம்பிவிடும். பத்து ஃபிரிங்கி, தஞ்சோங் பூங்கா பக்கத்து வீடுகளிலிருந்து வரும் அடுப்புகளுக்கு இதைத் தவறாமல் செய்யச் சொல்கிறேன்.

என்ன பூசுவது? நல்லெண்ணெய் தடவி எரித்தால் தோசைக்கல் போல ஆகிவிடாதா?

தோசைக்கல்லுக்குச் செய்வதை, உணவு நேரடியாகப் படும் மேற்பலகைக்கு மட்டும் செய்யலாம். அடுப்பின் மற்றப் பகுதிகள் எண்ணெய்ப் படலம் தாங்க முடியாத அளவு சூடேறும். சூடேறாத பகுதிகளில் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும்.

மூட்டப்போகும் அடுப்புக்குக் கிராஃபைட் மெருகையே நான் விரும்புகிறேன். பழைய பிரிட்டிஷ் வீடுகளில் வேலையாள்கள் வாரந்தோறும் அடுப்பைத் தேய்த்ததும் அதனால்தான். அது தரும் ஆழ்ந்த வெள்ளிக்கறுப்பு, வேலைப்பாட்டின் மேடுபள்ளங்களை அழகாக எடுத்துக் காட்டும். 600 டிகிரிக்கு மேல் தாங்கும் அடுப்புப் பெயின்ட் உழைப்பைக் குறைக்கும், நம் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். ஆனால் தடித்துப் பூசினால் பூக்கள் மூழ்கிவிடும். மூட்டாமல் வைத்திருக்கும் அடுப்புக்கு மெல்லிய மெழுகுப் பூச்சே போதும். பளபளக்கும் சாதாரண எனாமல் பெயின்ட் எதற்கும் ஆகாது.

எனாமல் சில இடங்களில் பெயர்ந்திருக்கிறது. ஒட்டுப்போட முடியுமா?

எனாமல் என்பது ஏறத்தாழ 800 டிகிரியில் இரும்போடு உருக்கி ஒட்டிய கண்ணாடி. அதைச் சிறு இடத்தில் மட்டும் புதுப்பிக்க இயலாது. முழுப் பலகையையும் உரித்து மீண்டும் சூளையில் இட வேண்டும், அதில் பலகை வளையும் ஆபத்து உண்டு. பெயர்ந்த இடத்தைச் சுத்தம் செய்து மெழுகிட்டு அப்படியே விடுங்கள். நிக்கல் பூசிய பட்டைகளையும் அழுத்தித் தேய்க்காதீர்கள். பூச்சு மிக மெல்லியது.

விரிசல் இருக்கிறது. பக்கத்து வெல்டிங் கடையில் கொடுத்தால் ஒட்டித் தருவார்களா?

சாதாரண வெல்டிங் குச்சியால் ஒட்டினால் அன்று ஒட்டும். மறுநாள் பக்கத்திலேயே புது விரிசல் விழும். உருகிய இடத்தில் கரிமம் கலந்து கண்ணாடி போல் கடினமான பட்டை உருவாகிறது. அதைச் சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு இடங்கொடுக்காமல் இழுத்துக்கொண்டு பிளக்கிறது. வார்ப்பிரும்பை ஒட்டத் தெரிந்தவர், முழுப் பாகத்தையும் மெல்லச் சூடேற்றி, நிக்கல் குச்சியால் சிறு சிறு நீளமாக ஒட்டி, ஒவ்வொன்றையும் சிறு சுத்தியால் தட்டி, பிறகு சூட்டோடு மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆறவிடுவார். “எப்படி ஆறவைப்பீர்கள்?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள், தண்ணீர் ஊற்றுவேன் என்றால் அடுப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

வெண்கலக் கம்பியால் செய்யும் பிரேசிங், இரும்பை உருக்காமல் ஒட்டுவதால் பாதுகாப்பானது. ஆனால் மஞ்சள் கோடு தெரியும், நெருப்பு நேரடியாகப் படும் இடத்துக்கு உகந்ததும் அன்று. சூடே காட்டாமல், விரிசல் நெடுகத் துளையிட்டு உலோக ஊசிகளை முடுக்கித் தைக்கும் முறையும் உண்டு. விலை உயர்ந்த அடுப்புக்கு அதுவே முதல் தெரிவு. மூட்டாத அடுப்பில் விரிசலின் முனையில் சிறு துளையிட்டு, பரவாமல் நிறுத்திவிட்டால் போதும்.

காணாமற்போன கதவை இங்கேயே வார்த்து வாங்க முடியுமா?

முடியும். இயந்திர உதிரிகளை வார்க்கும் சிறு வார்ப்புப் பட்டறைகள் பினாங்குப் பெருநிலத்தில் உள்ளன. அதே வகை அடுப்பு வைத்திருப்பவரிடம் கதவை இரவல் வாங்கி மாதிரியாக வைத்தால், போலிகளைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு விழுக்காட்டுச் சுருக்கம் இங்கே உங்களுக்கே எதிராகத் திரும்பும். 30 சென்டிமீட்டர் கதவு 3 மில்லிமீட்டர் சிறுத்து வரும். புகை கசிய அது போதும். ஆகவே மாதிரியின் ஓரங்களில் அந்த அளவு சேர்த்துக் கட்ட வேண்டும், அல்லது மரத்தில் புது மாதிரி செதுக்க வேண்டும்.

புதிதாக வார்த்த பாகத்தின் உட்புறத்தில் ஆண்டைப் பொறிக்கச் சொல்லுங்கள். பின்னாளில் அந்த அடுப்பு யார் கைக்குப் போனாலும், எது அசல், எது புதிது என்பதில் குழப்பம் வரக் கூடாது.

தாமான் வீட்டுக்குள் வைத்து மூட்டலாமா? பொம்பா வந்துவிடுமா?

பொது அறிவிப்பாகப் பதில் சொல்வதைவிட, பொம்பா எனப்படும் தீயணைப்பு மீட்புத் துறையிடமும் ஊராட்சியிடமும் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதே பொறுப்பான பதில். ஆனால் அதற்கு முன்பே இணைவீட்டுக்குள் மூட்ட வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். புகைக்குழாய் இழுப்பது, உள்ளிருக்கும் சூடான புகைக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டால். வெளியே 30 டிகிரி இருக்கும் நம் ஊரில், மூட்டத் தொடங்கும் நேரத்தில் இழுவை மிகவும் பலவீனமாக இருக்கும். அப்போது சமையலறைக் காற்றுவிசிறி ஓடினால் புகை தலைகீழாக அறைக்குள் வரும். அதோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை.

புறக்கடையில், மூன்று பக்கம் திறந்த கொட்டகையில், சுவரிலிருந்து நன்கு தள்ளி வையுங்கள். குழாயை நேராகவும் உயரமாகவும் ஏற்றுங்கள். அண்டைவீட்டு ஜன்னலைப் பார்க்க வைக்காதீர்கள். துத்தநாகம் பூசிய குழாய் சூட்டில் தீய புகை விடும், அதைத் தவிருங்கள். பெரிய நெருப்புக்கு முன் குழாயின் அடியில் சிறிது காகிதத்தை எரித்தால் இழுவை தொடங்கிவிடும். புதிதாகச் சாந்து பூசிய அடுப்பில் முதல் சில நாள் சிறு நெருப்பு மட்டும் போட்டு ஈரத்தைப் போக்குங்கள்.

எந்த விறகு நல்லது? பாக்காவ் கரி போடலாமா?

நன்கு காய்ந்த ரப்பர் கட்டை போதுமானது. மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கி, ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் வரை காயவிட வேண்டும். கடலில் மிதந்து வந்த கட்டை வேண்டவே வேண்டாம். அதன் உப்பு புகையோடு சேர்ந்து இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். பூச்சி மருந்தேற்றிய பலகைகளும் கூடாது.

கோலா செபத்தாங்கில் சதுப்புநில மரத்திலிருந்து சுடப்படும் பாக்காவ் கரி மிக உயர்ந்த கரிதான், ஆனால் விறகுக்காக வார்த்த மெல்லிய கிராதியின்மேல் அதைக் குவித்தால் கிராதி செஞ்சூடாகித் தொய்ந்துவிடும். சாம்பல் தட்டு நிரம்பி, கிராதிக்கு அடியில் காற்று ஓடாமல் போனாலும் இதே கேடுதான். மேற்பலகை வளைவதற்கும் பெரும்பாலும் அளவுமீறிய நெருப்பே காரணம். வளைந்ததைச் சூடாக்கி அடித்து நிமிர்த்த முயன்றால் உடையும்.

மாதக்கணக்கில் மூட்டாமல் வைத்தால் எப்படிப் பாதுகாப்பது?

சாம்பலை ஒரு பிடி கூட உள்ளே விடாதீர்கள். விறகுச் சாம்பலிலுள்ள பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, அடிப்பலகையை நனைந்தபடியே வைத்திருக்கும். கதவுகளைச் சற்றுத் திறந்து வையுங்கள். குழாயின் வாயில் மழைத்தொப்பி இருக்கட்டும். சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் மரக்கட்டைமேல் ஏற்றுங்கள். பிளாஸ்டிக் தாளால் சுற்றுவது உள்ளே வியர்வையைச் சிறைவைப்பதற்குச் சமம். பருத்தித் துணி போதும்.

எல்லாப் பழுதையும் நீக்கிப் புத்தம்புதிதாக்கினால் மதிப்புக் கூடுமா?

விற்பனையாளர்களில் சிலர் கூடும் என்பார்கள். என் எண்ணம் வேறு. தேய்ந்த கைப்பிடி, முன்பு யாரோ ஒரு கொல்லர் அடித்துப் போட்ட கீல், மேற்பலகையில் சட்டி இழுத்து இழுத்து வழவழப்பான தடம் ஆகியவை அந்த அடுப்பு எங்கே, எப்படி உழைத்தது என்பதற்கான சான்றுகள். துருவை நிறுத்துங்கள், பாதுகாப்பாக எரியச் செய்யுங்கள், அதற்கு மேல் கை வைக்குமுன் யோசியுங்கள். செய்த ஒவ்வொரு வேலையையும் முன்னும் பின்னும் படமெடுத்துக் குறித்து வையுங்கள். இந்நாட்டில் வழங்கியது என்று உறுதியான பழம்பொருளை வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால், 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தில் ஏற்றுமதி உரிமம் பற்றிய விதிகள் இருக்கின்றன என்பதால், முதலில் மரபுடைமைத் துறையிடம் விசாரியுங்கள்.

உடல் இரண்டாகப் பிளந்துவிட்டது, ஒட்டவும் முடியாது என்கிறார்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடட்டுமா?

உடலை வேண்டுமானால் போடலாம், பாகங்களைப் போடாதீர்கள். கதவு, கீல், கைப்பிடி, காற்றுக் கதவு, பானை வளையம், கால்கள், பெயர்ப்பலகை ஆகியவற்றைக் கழற்றி, துரு நீக்கி, மெழுகிட்டு, அடுப்பின் பெயரும் எண்ணும் எழுதிய அட்டையோடு எடுத்து வையுங்கள். கதவு வார்ப்பதைப் பற்றிய கேள்வியில் சொன்ன இரவல் மாதிரி இப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் கிடைக்கிறது. பிளந்த உடலை எடைக்குப் போடுமுன் எல்லாப் பலகைகளின் நீளம், அகலம், தடிமன், துளைகளுக்கு இடையிலான தூரம் ஆகியவற்றை அளந்து எழுதிவிடுங்கள்; அதே வகை அடுப்பை வைத்துக்கொண்டு ஒரு பலகைக்காகக் காத்திருப்பவருக்கு அந்த அளவுகள் போதும்.